ரசிகை குறை சொல்லலாமா?

கேள்வி: மாத நாவல்களில் வரும் காதல் கதைகளைப் பள்ளி நாள் தொட்டு விடாமல் வாசித்து வருகிறேன். எங்கள் வாசகியர் வட்டத்தில் அண்மையில் ஒரு நாவலைப் பற்றிக் குறிப்பு எழுதிப் படித்தேன். அதன் நகலை இணைத்துள்ளேன். கதை நம் தஞ்சைப் பக்கத்தில் நடக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று அறுவடை நடக்கும் வயலில் நாயகனும் நாயகியும் சந்திக்கிறார்கள். திருமணத்துக்குப் பின் ஒரு சந்தேகத்தில் அவன் அவளை அறைகிறான். இரண்டே பக்கத்தில் அவள் மன்னித்துவிடுகிறாள். இவற்றைக் குறையாகச் சொன்னதும் தோழி ஒருவர், "பிடித்துத்தானே படிக்கிறாய், பிறகு ஏன் குறை சொல்கிறாய்?" என்று கேட்டார். தமிழ் எம்.ஏ. படித்த இன்னொருவர், "முடிவு முன்பே தெரிந்த கதைகளுக்கு விமர்சனம் எதற்கு?" என்றார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: இருவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. உங்கள் குறிப்பிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன்.

முடிவு முன்பே தெரிந்திருப்பது ஒரு படைப்புக்குக் குறையென்றால், எம்.ஏ. படித்த உங்கள் தோழி முதலில் சங்கக் காதல் பாடல்களான அகப்பாடல்களைத்தான் கைவிட வேண்டியிருக்கும். எந்த நிலத்தில் எந்த உணர்வு பாடப்படும் என்பதை வகுத்து வைத்துக்கொண்டு, வயலும் வயல் சார்ந்த இடமுமான நம் மருதத்துக்கு ஊடலை உரிப்பொருளாக்கிய மரபு அது. குறுந்தொகைப் புலவர்கள் 401 பாடல்களையும் அந்த வரையறைக்குள் நின்றுதான் பாடினார்கள். அப்படி இருந்தும் எந்தப் பாட்டும் மற்றொன்றின் நகலாகிவிடவில்லை. திருக்குறளும் எங்கே முடிகிறது? ஊடிய இருவர் கூடித் தழுவும் இன்பத்தைச் சொல்லும் 1330-ஆம் குறளோடு முடிகிறது. இனிய முடிவை இழிவாகப் பேசுகிறவர்கள், வள்ளுவர் தம் நூலை நிறுத்திய இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். இருவரும் சேர்வார்கள் என்பது காதல் நாவல் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றுவது குற்றமாகாது. சேர்வதற்கு அவர்கள் தகுதி பெற்றார்களா, அந்தத் தகுதி வளர்வதை நாம் காணும்படி ஆசிரியர் எழுதினாரா என்பதே விமர்சகர் கேட்க வேண்டிய கேள்வி.

இதைக் கேட்பதற்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? இவ்வகைக் கதைகளை நூற்றுக்கணக்கில் படித்தவருக்குத்தான், எது பழகிப்போன தடம், எது ஆசிரியர் தாமே வகுத்த வழி என்று பிரித்தறிய முடியும். உங்கள் மன்னார்குடி வட்டத்து வடுவூரைச் சேர்ந்த துரைசாமி ஐயங்கார் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பரபரப்பான நாவல்களை எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றிருந்தார். அவற்றை உறக்கம் கெட்டுப் படித்தவர்கள் எதை வியந்தார்கள், எதை வெறுத்தார்கள் என்று அவர்கள் கைப்படவே எழுதியவை இன்று கிடைப்பது அரிது. விரும்பிப் படிப்பவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படிப்பட்ட இழப்பைத்தான் தரும். பிடிக்காதவர் பாதியில் மூடி வைத்துவிடுவார். பிடித்தவர்தான் கடைசிப் பக்கம்வரை வந்து கணக்குக் கேட்பார்.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன். ஆடிப்பெருக்கன்று அறுவடை நடக்காது என்பதை விளக்க ஒரு முழுப் பக்கம் செலவிட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது உண்மை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து, அந்தத் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேர்ந்து, அதன் பிறகு நாற்று விட்டு நட்ட குறுவை, ஆடி பதினெட்டில் பச்சைப் பயிராகத்தான் நிற்கும். அதை அறுப்பது புரட்டாசி, ஐப்பசியில். சம்பாவை அறுப்பது தையில். போர்வெல் தண்ணீரில் முன்பட்டமாக நட்ட வயல் என்றால் கணக்கு வேறு. ஆனால் கதையில் ஆற்றுப் பாசனம் என்றே வருவதாக நீங்களே குறித்திருக்கிறீர்கள். ஊரைக் கேட்டறியாமல் எழுதிய பிழை இது. அடுத்த பதிப்பில் அந்த நாளை மாற்றினால் சரியாகிவிடும்.

அவன் அவளை அறைந்த இடத்துக்கு நீங்கள் கொடுத்திருப்பது ஒரே ஒரு வரி: "அந்த இடம் சற்று உறுத்தியது." இதைத்தான் மனக்குறை என்றேன். நீங்களே எடுத்தெழுதியிருக்கும் பகுதியை மறுபடி படியுங்கள். அறை வாங்கியவள் சமையற்கட்டில் போய் நிற்கிறாள். மாமியார் வந்து, "உன் மேல உள்ள ஆசையில வந்த கோபம்மா அது" என்கிறார். உடனே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குக் காபி ஆற்றுகிறாள். அந்த இரண்டு பக்கங்களிலும் அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை. அவன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்காத மன்னிப்பை அவன் கையில் கொடுத்து அனுப்பியவர் ஆசிரியர். இதை ஒழுக்கம் சார்ந்த குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. அவன் வெட்கி, தன்னைத் திருத்திக்கொண்டு, அவள் நம்பிக்கையை மெல்ல மெல்லத் திரும்பப் பெறுவதுதான் அந்தக் கதையின் நெஞ்சுப்பகுதியாக இருந்திருக்க வேண்டும். அதை எழுதாமல் தாண்டிப் போனதால் கடைசியில் இருவரும் சேர்வது வெறும் அறிவிப்பாக நின்றுவிடுகிறது. கோபத்தின் அளவே காதலின் அளவு என்று காட்டும் 'ஆன்டி ஹீரோ' கதைகள் பெருகியிருக்கும் காலத்தில், கல்லூரிக்குப் போகும் பெண்கள் பேருந்திலேயே இவற்றைப் படித்து முடிக்கும்போது, அனுபவமுள்ள ஒரு வாசகி இதற்கு "சற்று" என்ற சொல்லைப் போடக் கூடாது.

இன்னொன்றையும் நீங்கள் தொடவில்லை. அந்தச் சந்தேகம் ஒரே ஒரு பேச்சில் தீரக்கூடியது; ஆனால் பாதி நாவலுக்கு நீள்கிறது. ஊடல் உணவில் உப்பைப் போல அளவோடு இருக்க வேண்டும், சிறிது மிகுந்தாலும் கெடும் என்கிறது 1302-ஆம் குறள். அந்த அளவுகோலால் இந்த நாவலை அளந்து பாருங்கள்.

குறிப்பைத் திருத்தி எழுதுங்கள். அவன் அறைந்த இடத்தை முதலில் வையுங்கள். அறுவடையை இரண்டு வரியில் முடியுங்கள். நாவலில் உங்களுக்குப் பிடித்த இடங்களையும் அதே விரிவோடு சொல்லுங்கள். ஆசிரியரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், எழுத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். அனுப்பி வைத்தால் முழுவதையும் வெளியிடுவேன். நாவலாசிரியர் பதில் எழுதினால் அதற்கும் இங்கே இடம் உண்டு.