இடைக்கால ஸ்காட்லாந்தில் மடாலயத் தலைவர்களுக்கு ஏன் அவ்வளவு செல்வாக்கு?

அபட் என்பவர் கிறிஸ்தவத் துறவிகள் சேர்ந்து வாழும் மடாலயத்தின் தலைவர். ஜெபமும் ஒழுங்கும் அவர் பொறுப்பு. ஆனால் ஸ்காட்லாந்தில் அவர் பெரிய நிலக்கிழாராகவும் இருந்தார். செல்வாக்கின் வேர் அங்கேதான்.

தங்கள் ஆன்மாவுக்காகத் துறவிகள் ஜெபிக்க வேண்டும் என்று மன்னர்களும் பிரபுக்களும் நிலம் எழுதி வைத்தார்கள். 1136-இல் முதலாம் டேவிட் மன்னர் நிறுவிய மெல்ரோஸ் மடாலயம் ஆடு வளர்த்து, கம்பளியை ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) வரை விற்றது. நிலம் வந்தால் குத்தகைதாரர்கள், வழக்குகள், அப்புறம் நாடாளுமன்றத்தில் இடம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அரசுப் பணியும் தேடி வந்தது: ஆர்பிரோத் அபட் பெர்னார்ட், ராபர்ட் புரூஸ் மன்னரின் சான்சலராக, அதாவது அரசின் உயர் அதிகாரியாக, இருந்தார்.

இந்தச் செல்வமே பிறகு வினையானது. 16-ஆம் நூற்றாண்டில் துறவியே அல்லாத பிரபு வீட்டுப் பிள்ளைகள் பலர் ‘கமெண்டேட்டர்’ என்ற பெயரில் அபட்டின் இடத்தில் அமர்ந்து வருமானத்தை எடுத்துக்கொண்டார்கள். பாடமே நடத்தாத ஒருவர் தலைமையாசிரியர் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொள்வது போல. ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர், மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த தன் மகன்களுக்கு அவர்கள் சிறுவர்களாக இருக்கும்போதே பெரிய மடாலயங்களை வாங்கித் தந்தார். 1570-இல் கிராஸ்ரேகல் மடாலய நிலத்துக்காக, அதன் கமெண்டேட்டர் ஆலன் ஸ்டூவர்ட்டை காசில்ஸ் பிரபு டனூர் கோட்டையில் நெருப்பில் வாட்டிக் கையெழுத்து வாங்கினார். எவ்வளவு பெரிய கொடுமை!

1560-இல் மதச் சீர்திருத்தம் வந்து, ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டண்ட் பிரிவுக்கு மாறியதும் மடாலயங்கள் ஒரேயடியாக மூடப்பட்டுத் துறவிகள் துரத்தப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எட்டாம் ஹென்றி மன்னர் சட்டம் போட்டு மடாலயங்களைக் கலைத்தது இங்கிலாந்தில்தான், ஸ்காட்லாந்தில் பல துறவிகள் மடாலய வருமானத்தில் தங்கள் பங்கைப் பெற்றுக்கொண்டு கடைசிவரை மடத்திலேயே வாழ்ந்தார்கள், நிலம் மெல்ல மெல்லப் பிரபுக் குடும்பங்களின் கைக்குப் போனது.