கரு குழாயில் தங்கிவிட்டால் வயிற்றைக் கிழிக்காமல் சரிசெய்ய முடியுமா?

முடியும், குழாய் வெடிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால். எனக்கு ஆறாவது வாரம் லேசாக உதிரம் பட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. இடது கருக்குழாயில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கட்டி போல ஒன்று.

முதலில் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி. வேகமாகப் பெருகும் செல்களை முடக்கும் மருந்து. புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுப்பது இதைத்தான். எல்லோருக்கும் போட மாட்டார்கள். ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் பொதுவாக 5000க்குக் கீழே இருக்க வேண்டும், கருவுக்குத் துடிப்பு வந்திருக்கக் கூடாது, கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும்.

ஊசி ஒரு நிமிஷம். அப்புறம்தான் பாடு. போட்ட அன்று 1840 இருந்த ஹெச்சிஜி நான்காம் நாள் 2310. அழுதே விட்டேன். "நாலாம் நாள் ஏறும்மா, ஏழாம் நாள் வரட்டும்" என்றார் டாக்டர். நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் 15 சதவீதமாவது இறங்க வேண்டுமாம். இதற்கு நடுவில் அத்தை முருங்கைக்கீரைப் பொரியலோடு வந்து "ரத்தம் ஊறும், சாப்பிடு" என்கிறார். ஃபோலிக் அமிலம் அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதால் மாத்திரையோடு கீரையையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவரிடம் இதை எப்படிச் சொல்வது!

ஏழாம் நாள் 2240. போதாது. இன்னொரு ஊசி போடலாம் என்றார்கள். வலியும் கூடியதால் லேப்ராஸ்கோபிக்கு, அதாவது துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் இரண்டு என மூன்று சின்னத் துளைகள். குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுக்கவும் வழி உண்டு, ஆனால் திசு மிச்சம் தங்கலாம். மறு குழாய் நன்றாக இருந்ததால் இடது குழாயையே எடுத்துவிட்டார்கள். இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு அதனால் பெரிதாகக் குறையாது என்றார் டாக்டர். மறுநாளே நடந்தேன். வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது, உள்ளே ஏற்றிய வாயுவால்.

ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே, ஊசி போட்டுக் காத்திருக்கும் நாட்களில் தோள்பட்டை வலித்தால் அது வேறு கதை. கூடவே தலைசுற்றலோ திடீர் வயிற்று வலியோ வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தத்தை உங்கள் உடல் எதிர்க்காமல் இருக்கப் போடும் ஆன்டி-டி ஊசி பற்றியும் கேளுங்கள்.