ஃபாண்ட் இருந்தும் எழுத்து மாறி வருவது ஏன்?

நேற்று கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் ஒழுங்காக இருந்த கல்யாணப் பத்திரிகை, இன்று திறந்தால் வரி உடைந்து வருகிறது, ஃபாண்ட் கம்ப்யூட்டரில் இருக்கத்தான் செய்கிறது என்கிறீர்கள். அநேகமாக ஒரே பெயரில் இரண்டு இருக்கும், அதுதான் வம்பு. நம்ம மதுரைக் கடைகளில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்ட் பென்டிரைவில் கைமாறி வருவது, ஆளுக்கொரு பதிப்பு. விண்டோஸ் பார்ப்பது ஃபைல் பெயரை அல்ல, ஃபாண்டுக்குள் எழுதியிருக்கும் பெயரை. அதனால் ஃபைலுக்குப் பெயர் மாற்றிப் பயனில்லை. விண்டோஸ் 10-இல் உங்கள் கணக்குக்கு மட்டும் இன்ஸ்டால் ஆன பிரதி தனி ஃபோல்டரில் ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எழுத்து ஆங்கிலமாக, நடுநடுவே அரைப்புள்ளியோடு வந்தால் கதை வேறு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் கீதான், ஆக ஃபாண்டே இல்லை என்று அர்த்தம். அங்கே லதா ஃபாண்டை மாற்றிப் போட்டால் தமிழ் வராது, அது யூனிகோட், எழுத்துக்கான குறியீடே வேறு. எழுத்தை கன்வெர்ட்டரில் மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸில் தாய்மாமன் பெயரே அரைப்புள்ளியாக அச்சாகி நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அப்புறம் பிரஸ்ஸுக்குப் போகும் பிரதியை கண்ட்ரோல் கியூ போட்டு கர்வ்ஸ், அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவம், ஆக்கித்தான் அனுப்புகிறேன், திருத்தக்கூடிய பிரதி தனியாக என்னிடம் இருக்கும்.