நத்தாருக்குப் பூர்வகுடிகளின் கைவேலை வாங்க முதல், செய்த ஆளின் பெயரைக் கேளுங்கோ

தங்கச்சி, கனடாவில் முதல் நத்தார், வேலைத்தலத்தில் பரிசு மாற வேணும், பாரிஸில் இருக்கிற அக்காவுக்கும் ஒன்று அனுப்ப வேணும், பூர்வகுடி மக்கள் செய்த பொருளை ரொறன்ரோவில் எங்கே நம்பி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே போன் பிளான், குளிர் ஜக்கெட் என்றும். போன் பிளானுக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவினம். ஜக்கெட் எது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கோ. நான் பரிசுக்கு மட்டும் சொல்லுறன்.

சுற்றுலாக் கடைகளில் தொங்குகிற டிரீம்கேட்சர் (நூல் வலை பின்னின வளையம்), உருவங்கள் செதுக்கின குட்டித் தோட்டெம் கம்பம், செயற்கைப் பிசினில் (ரெசின்) வார்த்த கரடி இவற்றில் நிறைய வெளிநாட்டுத் தொழிற்சாலைச் சரக்கு. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்றால் 250,000 டொலர் வரை தண்டம், ஐந்து வருடம் வரை சிறை. கனடாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. மேப்பிள் இலை ஒட்டி, ‘பூர்வகுடிப் பாணி’ என்று எழுதிவிட்டால் கடைக்காரர் தப்பிவிடுவார்.

பொருளைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். பாதிதான் சரி. டிரீம்கேட்சர் செய்யத் தொடங்கின ஒஜிப்வே பூர்வகுடி ஆட்களே இப்போது டிரீம்கேட்சருக்கு இரும்பு வளையமும் மெழுகு பூசிய நைலோன் நூலும் பாவிக்கிறார்கள். அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அதனால் கடையில் முதல் கேள்வி: செய்தவர் யார், எந்தச் சமூகம்? நல்ல கடையில் அட்டையில் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் வாயால் சொல்லுவார்கள். "உள்ளூர் கலைஞர்கள்" என்று பொதுவாக இழுத்தால் வைத்துவிட்டு வாங்கோ.

கல் சிற்பம் என்றால் கையில் எடுங்கோ. கல் குளிரும், பாரமாக இருக்கும். பிசின் இளஞ்சூடாக இருக்கும், அடியில் அச்சுக் கோடு தெரியும், தட்டில் அதே கரடி நாலு நிற்கும். வட துருவப் பக்கத்து இனுயிட் மக்களின் சிற்பத்தின் அடியில் முக்கோணமும் கொக்கியுமாக அவர்களுடைய எழுத்தில் கையொப்பம் இருப்பது வழமை. இக்லூ (பனிவீடு) படம் போட்ட அடையாள அட்டையையும் பாருங்கோ: 1958இல் அரசாங்கம் தொடங்கியது, 2017இலிருந்து இனுயிட் கலை அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அது இனுயிட் கலைக்கு மட்டும். மோஹாக் என்ற வேறு பூர்வகுடி ஆள் செய்த சிற்பத்தில் அது இல்லையே என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

பாசிமணி கோத்த மணிவேலைத் தோடு என்றால் பின்பக்கம் திருப்புங்கோ. கைவேலையில் முன் துணியையும் பின் தோலையும் சேர்த்து விளிம்பு முழுக்க மணி கோத்துத் தைத்திருக்கும். விளிம்பு வெட்டினபடியே இருந்து பசை பிதுங்கினால் யோசியுங்கோ. 11ஆம் நம்பர் மணி கடுகளவுதான். ஒரு சோடிக்கு மணிக்கணக்கில் வேலை. அதுக்கு 60, 80 டொலர் கேட்டால் அநியாயமில்லை. புகையூட்டின மூஸ் (பெரிய காட்டு மான்) தோலில் விறகுப் புகை மணக்கும். அது பழுது இல்லை, பதனிட்ட முறை. பரிசு வாங்குபவருக்கும் சொல்லிவிடுங்கோ, இல்லாவிட்டால் கழுவ மெஷினில் போட்டுவிடுவார்.

பூர்வகுடி ஓவியம் அச்சிட்ட கோப்பை, சால்வை வேறு வகை. தொழிற்சாலையில் செய்தாலும் ஓவியரின் பெயர் போட்டு உரிமைத்தொகை கொடுக்கிற நிறுவனங்கள் உண்டு. 20, 30 டொலர் பரிசுக்கு அது போதும். பெரிய பெயருக்கு ஆசைப்பட்டு இணையத்தில் மலிவாக ஓவியம் வாங்க வேண்டாம். பேர்போன ஒஜிப்வே ஓவியர் நோர்வல் மொரிசோவின் பெயரில் நடந்த மோசடியில் 2023இல் எட்டுப் பேர் மேல் வழக்குப் போட்டு, ஆயிரத்துக்கு மேல் ஓவியங்களைப் பொலிஸ் எடுத்தது.

இடம்: ஸ்பாடைனா, புளூர் பக்கம் ரொறன்ரோ நேட்டிவ் கனேடியன் சென்டரின் கடை. கார் இருந்தால் பிரான்ட்ஃபோர்டில் வுட்லண்ட் கல்ச்சரல் சென்டர், ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த, 1970இல் மூடப்பட்ட மோஹாக் வதிவிடப் பாடசாலைக் கட்டடமும் அந்த வளவில்தான். பீற்றர்பரோ பக்கம் கர்வ் லேக்கில் வெட்டுங் ஒஜிப்வா சென்டர்.

ஒன்று மனதில் கிடந்து குடையுது. கொழும்புச் செட்டித்தெருவில் பவுண் பேரம் பேசுகிற மாதிரி இந்தக் கைவேலைக்காரரிடம் பேசுகிற எங்கட சனத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கு. தொண்ணூறுகளில் வந்தவர்கள் காசில்லாமல் விமான நிலையத்துப் பிளாஸ்டிக் தோட்டெம் கம்பத்தை ஊருக்கு அனுப்பினது விளங்கும். இப்ப மார்க்கம் (Markham) நகரில் நாலு அறை வீட்டில் இருந்துகொண்டு தோட்டுக்கு பத்து டொலர் குறைக்கச் சொல்லுறது என்ன நியாயம்? இன்னொருவரின் டிசைன் படத்தை அனுப்பி "இதை மாதிரி செய்து தாங்கோ" என்றும் கேட்காதீர்கள்.

சொல்லிச் செய்விக்கிறதென்றால் ஒக்டோபரிலேயே கேளுங்கோ. நவம்பர் நடுவில் பலர் ஓடர் நிறுத்திவிடுவார்கள். ஒதுக்குப்புறச் சமூகங்களில் இருக்கிறவர்களுக்குத் தபாற்பெட்டிதான் முகவரி, கூரியர் எடுபடாது. 2024இல் நவம்பர் 15 தொடங்கின தபால் வேலைநிறுத்தம் டிசம்பர் 17 வரை போனது. அந்தச் சிறு வியாபாரிகளின் நத்தார் அதோடு முடிந்தது.

பாரிஸுக்கு சீல் (கடல்நாய்) தோல் கையுறை அனுப்ப நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் சீல் பொருள் விற்பனைக்குத் தடை போட்டது. இனுயிட் வேட்டைக்கு விலக்கு இருந்தாலும் சான்றிதழ் கூடப் போக வேணும். பஃபலோ எல்லையால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவும் முடியாது, அங்கே கடல் பாலூட்டிகளைப் பாதுகாக்க 1972ஆம் ஆண்டிலிருந்து சட்டம். வால்ரஸ் தந்தம், திமிங்கில எலும்பு என்றால் அனுமதிப் பத்திரம் எடுக்காமல் எல்லை தாண்டக் கூடாது. அக்காவுக்குத் தோடுதான் நல்லது.

வேலைத்தலத்துக்கு ஏரியில் தானாக விளைந்த காட்டரிசி (wild rice) ஒரு பை கொடுங்கோ. கடும் கறுப்பாய் மினுங்குவது பெரும்பாலும் வயலில் விளைந்தது, வேக முக்கால் மணித்தியாலத்துக்கு மேலாகும். ஏரியில் கையால் தட்டி எடுத்து விறகில் வறுத்தது மண்ணிறமும் சாம்பலுமாகக் கலந்திருக்கும். ஒன்றுக்கு மூன்று தண்ணீர் விட்டு இருபது நிமிடத்தில் பாருங்கோ, அரிசிமணி வெடித்தால் இறக்கி வடித்துவிடலாம்.