கழிவுநீரில் கொரோனா என்றால் ஃபில்டரை மாற்றணுமா?

கழிவுநீரில் கொரோனா என்று செய்தி வந்தாலே நம் தபால் பெட்டி நிரம்பிவிடும். இந்த முறையும் அப்படித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, விடை தேவைப்படும் ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதிக் கழிவுநீரில் கொரோனா வைரஸ் கூடியிருப்பதாகச் செய்தி வந்தது. அந்த வாரமே ப்யூரிஃபையர் விற்பவர் ஒருவர் வீடு தேடி வந்து, "உங்க பழைய மெஷின் கொரோனாவை நிறுத்தாது, இந்த மாடல் 99.9 சதவீதம் கொன்னுடும்" என்றார். வாங்கிவிடலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். செய்தி சரிதான். ஆனால் அது உங்கள் குடிதண்ணீரைப் பற்றியதே இல்லை.

தொற்று வந்தவர்களில் பலருடைய மலத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. வெளியேறும். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் நடமாடுகிறவர்களுக்கும் இது உண்டு. கழிவுநீரில் அளப்பது அந்த ஆர்.என்.ஏ. துண்டுகளைத்தான். அதே கழிவுநீரிலிருந்து, தொற்றக்கூடிய நிலையில் உள்ள வைரஸை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. குடிநீர் வழியாக கொரோனா பரவியதற்கு ஆதாரம் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சோப்பு அதைக் கலைத்துவிடும், குளோரின் சிதைத்துவிடும். தண்ணீரிலும் கழிவுநீரிலும் வைரஸைக் கலந்து அறை வெப்பநிலையில் வைத்துப் பார்த்த சோதனைகளில், ஏறக்குறைய 2 நாளில் 90 சதவீத வைரஸ் தானாகவே செயலிழந்தது. ஆர்.என்.ஏ. மட்டும் அதைவிட அதிக நாள் தாங்கியது. நோரோ வைரஸ், ரோட்டா வைரஸ், ஹெபடைட்டிஸ் ஏ ஆகியவற்றுக்கு இந்த உறை கிடையாது. அதனாலேயே அவை தண்ணீரில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும், வாந்தி பேதியும் மஞ்சள் காமாலையும் கொண்டுவரும். தண்ணீரில் நாம் பயப்பட வேண்டியவை இவைதான். "கொரோனாவைக் கொல்லும்" என்று பெட்டியில் அச்சடிப்பது, முதல் படியில் கால் வைத்துவிட்டு மலை ஏறிவிட்டேன் என்று சொல்வதைப் போன்றது.

அந்த 99.9-க்கு வருவோம். 1,000 வைரஸ் உள்ளே போனால் 1 வெளியே வரும் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நுண்ணுயிர் நீக்கும் கருவிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1987-இல் வகுத்த வழிகாட்டி, வைரஸுக்கு 99.99 சதவீதம், பாக்டீரியாவுக்கு 99.9999 சதவீதம் என்று கேட்கிறது. ஒரு 9 குறைந்தால், தப்பி வரும் வைரஸ் 10 மடங்கு. உலக சுகாதார நிறுவனமும் வீட்டு நீர் சுத்திகரிப்புக் கருவிகளைச் சோதித்து நட்சத்திரம் தருகிறது. மூன்று நட்சத்திரம் வேண்டுமானால் வைரஸில் 99.999 சதவீதம் நீங்க வேண்டும்.

விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தக் கிருமியை வைத்துச் சோதித்தார்கள்? எந்தத் தரநிலைப்படி? புது மெஷினிலா, அல்லது ஃபில்டரின் ஆயுள் முடியும் வரை தண்ணீர் ஓடவிட்ட பிறகுமா? மூன்றாவதுதான் முக்கியம், பெரும்பாலும் அதற்குத்தான் பதில் வராது. "லேப் டெஸ்டட்" என்ற வெறும் முத்திரையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆர்.ஓ., யு.வி., யு.எஃப். இவற்றில் வைரஸுக்கு எது நல்லது?

பதில்: முதலில் உங்கள் தண்ணீரில் என்ன பிரச்சினை என்று பாருங்கள். உப்புக் கரிப்பு, ஃப்ளோரைடு, ஆர்செனிக் என்றால், சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வேண்டும். கிருமி மட்டும்தான் கவலை என்றால், கணிசமான தண்ணீரை வெளியே தள்ளும் ஆர்.ஓ.வுக்கு அவசியமில்லை.

புற ஊதாக் கதிர் வீசும் யு.வி. விளக்கு வைரஸை நன்றாகவே செயலிழக்கச் செய்யும், தண்ணீர் தெளிவாக இருக்கும் வரை. கலங்கல் இருந்தால் அந்தத் துகள்களின் நிழலில் கிருமி தப்பிவிடும். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் உப்புப் படிந்தாலும் இதே கதை. விளக்கு எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று நினைக்கக் கூடாது. நீல வெளிச்சம் அப்படியே இருக்கும், கிருமியைக் கொல்லும் கதிர் குறைந்துகொண்டே போகும். தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் விளக்கை மாற்றிவிடுங்கள்.

யு.எஃப். (நுண்துளைச் சவ்வு வடிகட்டி) என்று எழுதியிருந்தால் துளை அளவு கேளுங்கள். கொரோனா வைரஸ் சுமார் 0.1 மைக்ரான், நோரோவும் போலியோவும் சுமார் 0.03 மைக்ரான். துளை 0.01 மைக்ரான் என்றால் இரண்டும் நிற்கும். 0.1 என்றால் சின்னது நழுவிவிடும். செராமிக் கேண்டில் பாக்டீரியாவை நிறுத்தும், வைரஸை நம்பி ஒப்படைக்க முடியாது. வெறும் கார்பன் ஃபில்டர் வாசனைக்கும் குளோரின் ருசிக்கும் மட்டும்.

மின்சாரம் இல்லை, மெஷின் மேல் சந்தேகம் என்றால் தளதளவென்று கொதிக்கும்படி ஒரு நிமிடம் விடுங்கள். எந்த வைரஸும் மிஞ்சாது.

கேள்வி: வீட்டில் மீதமிருக்கும் கொரோனா ஆன்டிஜென் கிட்டில் டேங்க் தண்ணீரை விட்டுப் பார்க்கலாமா? நீச்சல் குளத்துத் தண்ணீரையும்?

பதில்: வேண்டாம். அந்தக் கிட் மூக்கிலிருந்து எடுக்கும் சளிக்காகச் செய்தது. புளிப்புத்தன்மை அதிகமுள்ள கோலா பானத்தை நேராக ஊற்றினால்கூட இரண்டு கோடு காட்டும். கோலாவுக்குக் கொரோனா வந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். குளத்துக்கு குளோரின், பி.ஹெச். பார்க்கும் பட்டைதான் சரியான கிட். குளோரின் சரியாகப் போட்ட குளத்தில் தண்ணீரால் கொரோனா வராது. பக்கத்தில் நின்று பேசுகிறவரிடமிருந்து வரலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் கழிவுநீரைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம் என்று சங்கத்தில் ஒருவர் சொல்கிறார். செலவுக்கேற்ற பலன் உண்டா?

பதில்: முறை நல்ல முறைதான். போலியோவுக்குப் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கிறார்கள். 2022-இல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டதால்தான் அங்கே 1 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குக் கூடுதல் தவணை போட்டார்கள். கொரோனாவிலும் நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் நகரில், முதல் நோயாளிகள் கணக்கில் வருவதற்குச் சில நாள் முன்பே, 2020 மார்ச்சில் கழிவுநீரில் தடயம் கிடைத்தது.

ஆனால் ஒரு பாட்டிலில் மொண்டு கொடுத்தால் ஆகிற காரியம் இல்லை. காலையில் ஓடும் நீரும் நள்ளிரவில் ஓடும் நீரும் ஒன்றல்ல. அதனால் 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிச் சேர்க்கும் தானியங்கிக் கருவியை மேன்ஹோலில் இறக்குவார்கள். சேர்ந்ததைக் குளிரில் வைத்து எடுத்துப்போய், செறிவாக்கி, பி.சி.ஆர். சோதனை செய்வார்கள். மழை பெய்து நீர்த்துப்போயிருக்குமே, அதற்கு என்ன வழி? மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸைக் கூடவே அளக்கிறார்கள். மிளகாய் சாப்பிடுகிற மனிதர்கள் பலருடைய மலத்திலும் அது ஏராளமாக இருக்கும். அதோடு ஒப்பிட்டால், வந்த நீரில் மனிதக் கழிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் இது.

இவ்வளவு செய்தும், ஒரு தடவை வரும் எண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை. வாராவாரம் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால்தான் பயன். யாருக்குத் தொற்று என்றும் அது சொல்லாது. 2020 ஆகஸ்ட்டில் அரிசோனா பல்கலைக்கழக விடுதி ஒன்றின் கழிவுநீரில் தடயம் கிடைத்ததும், அங்கிருந்த எல்லோரையும் சோதித்து, அறிகுறியே இல்லாத 2 பேரைக் கண்டுபிடித்தார்கள். உடனே எல்லோரையும் சோதிக்க முடிந்ததால்தான் பலன். உங்கள் சங்கத்தால் அது முடியுமா? முடியாது என்றால், ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து எந்த வீடு என்ற கிசுகிசுதான் மிஞ்சும். முதியோர் இல்லம், விடுதி என்றால் யோசிக்கலாம். உங்களுக்கு வேண்டாம். ஊர் அளவில் அரசு வெளியிடும் கணக்கு இருந்தால் அதைப் பாருங்கள், அது இலவசம்.

கேள்வி: குளியலறை வடிகால் வழியாக வைரஸ் மேலே வரும் என்கிறார்கள். அதற்கென்று ஒரு ஸ்ப்ரே விற்கிறார்கள். வாங்கலாமா? செப்டிக் டேங்கில் ப்ளீச்சிங் பவுடர் கொட்டலாமா?

பதில்: முதல் பாதியில் உண்மை இருக்கிறது. 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் வந்தது. அதுவும் கொரோனா குடும்பத்து வைரஸ்தான். குளியலறைத் தரையிலிருந்த டிராப்புகளில், அதாவது தண்ணீர் தேங்கி நின்று வழியை அடைக்கும் குழாய் வளைவுகளில், தண்ணீர் வற்றிப்போயிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியபோது வடிகால் குழாயிலிருந்த நீர்த்திவலைகள் அந்த வழியாக அறைக்குள் இழுபட்டன என்று விசாரணை சொன்னது. 2020 தொடக்கத்தில் குவாங்சோவில், ஒன்றன் மேல் ஒன்றாக இருந்த 3 வீட்டாருக்கு கொரோனா வந்ததற்கும் இதே மாதிரி வடிகால் பாதையைத்தான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

இதற்கு ஸ்ப்ரே உதவாது. வடிகால் மேலுள்ள துளைத்தட்டைத் தூக்கிப் பாருங்கள். கீழே வளைவில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். பிளம்பர்கள் நானி டிராப் என்பது இதைத்தான். அந்தத் தண்ணீர்தான் மூடி. புழங்காத குளியலறை, பால்கனி வடிகால், வாஷிங் மெஷின் மூலை, இங்கெல்லாம் காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றியும் சாக்கடை நாற்றம் வந்தால் டிராப் உடைந்திருக்கும், அல்லது வைக்கவே இல்லை. ஸ்ப்ரேக்குப் போகும் பணத்தைப் பிளம்பருக்குக் கொடுங்கள். ஃப்ளஷ் செய்யும்போது மூடியைச் சாத்துங்கள்.

செப்டிக் டேங்கில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினால், கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியா செத்துப்போகும். டேங்க் சீக்கிரம் நிரம்பி, லாரியைக் கூப்பிட வேண்டியதாகும். கழிப்பறையில் ஆசிட் ஊற்றிய கையோடு ப்ளீச்சைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும். ஏற்கெனவே கலந்துவிட்டீர்கள் என்றால் கழுவிவிடலாம் என்று உள்ளே நிற்காதீர்கள். வெளியே வந்து, காற்றோட்டம் வரும்படி கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வாடை போகும் வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.