ஒற்றைப்படைக்கு வெள்ளை அரிசி

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் 'உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு' என்று அறிவியல் முறையை மனப்பாடம் செய்கிறாள். உயிரியல் ஆய்வு நிஜமாகவே இப்படிப் படிப்படியாகத்தான் நடக்கிறதா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: நான்கும் உண்டு, ஆனால் சமர்த்தாக வரிசையில் வராது. பெரிபெரியை எடுத்துக்கொள்ளுங்கள், கால் மரத்து, உடம்பு வீங்கி, கடைசியில் இதயமே நின்றுபோகும் நோய். 1880களின் இறுதியில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் அதற்கு ஒரு கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கோழிகளுக்கு ஊசி போட்டார், கோழிகள் தள்ளாடி விழுந்தன, சரி கிடைத்துவிட்டது என்று பார்த்தால் ஊசியே போடாத கோழிகளும் விழுந்தன. அப்புறம் திடீரென்று எல்லாம் தேறிவிட்டன! விசாரித்ததில், நடுவில் சில மாதம் ராணுவ மருத்துவமனையின் வெள்ளைச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது; புதிதாக வந்த சமையல்காரர் 'ராணுவச் சோறு கோழிக்கா?' என்று நிறுத்தியிருக்கிறார். (ஐக்மனுக்குப் பிற்பாடு கிடைத்த நோபலில் அந்தப் புண்ணியவானுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.)

பிறகுதான் முறையான சோதனை: தீட்டிய அரிசி கொடுத்தால் நோய், தவிடு கொடுத்தால் குணம். ஆனால் ஐக்மன் சொன்ன காரணம் தப்பு. அரிசியில் விஷம் இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், அரிசியே கொடுக்காமல் அதிக சூட்டில் நெடுநேரம் வேகவைத்த இறைச்சியை மட்டும் கொடுத்தார், அப்போதும் கோழிகளுக்கு நோய் வந்தது. அரிசியே இல்லாதபோது அரிசி விஷம் எங்கிருந்து வரும்? உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901-ல் எழுதினார். அந்த ஏதோ ஒன்றுதான் வைட்டமின் பி1.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? மலாயாவில் வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் இரண்டு கூட்டத்துக்கும் இருப்பிடம் வேறு, வேலை வேறு, அதனால் அரிசியை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. உயிரியலின் தலைவலியே இதுதான், இரண்டு இரும்புத் துண்டுகள் ஒன்றுபோல இருக்கும், இரண்டு மனிதர்கள் அப்படி இருக்க மாட்டார்கள். 1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படைக்கு வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல். ஒருவேளை கட்டடத்தில்தான் கோளாறோ என்று பாதியில் இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றினார் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போனது. வெள்ளை அரிசிக் கூட்டத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள், புழுங்கலில் ஒருவரும் இல்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

கேள்வி: புழுங்கல் அரிசியிலும் தவிட்டை நீக்கிவிடுகிறார்களே, அது எப்படித் தப்பித்தது? (அதே வாசகி)

பதில்: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1-ல் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் மில்லில் எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போனது அவ்வளவு சுலபமாக வெளியே வராது. ஆனால் வடிக்கிற கஞ்சியோடு கொஞ்சம் போய்விடும், அதைக் கொட்டாதீர்கள்.