ஆயாவிடம் பேச்சுக்கொடுங்கள்

அன்புள்ள அக்கா,

நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். மகள் பக்கத்தில் உள்ள கான்வென்டில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே வேலை செய்யும் ஓர் ஆள் ஒரு குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டதாகப் போன மாதம் பேச்சு வந்தது. (குழந்தையின் வகுப்பு, வீட்டுத் தெரு எல்லாம் எழுதியிருந்தார். நீக்கிவிட்டேன்.) போய்க் கேட்டால், "நாங்களே விசாரித்துக்கொண்டிருக்கிறோம், எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறது" என்கிறார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. டி.சி. வாங்கிவிடலாமா? பெண்கள் மட்டும் படிக்கிற பள்ளி என்றால் பயமில்லையா? சிஸ்டர்மாரைப் பற்றிப் புகார் பேசுவது பாவம் என்று அம்மா அழுகிறார். என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு நாள் முழுக்க வயிற்றில் நெருப்போடு வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முதலில் உங்களைத் திட்டத்தான் போகிறேன். முன்பின் தெரியாத எனக்கு ஒரு குழந்தையின் வகுப்பையும் தெருவையும் எழுதி அனுப்ப உங்களுக்கு எப்படி மனசு வந்தது? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு, ஊடகங்கள் குழந்தையின் பெயரை மட்டுமல்ல, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. உங்கள் குரூப்பில் எத்தனை பேர் அதை ஃபார்வர்ட் செய்தார்களோ. அந்தக் குழந்தை நாளைக்கும் அதே தெருவில்தான் விளையாட வேண்டும். நீங்கள் போட்டதை இன்றைக்கே அழியுங்கள்.

"நாங்களே விசாரிக்கிறோம்" என்பதற்கு வருகிறேன். அவர்கள் உள்ளே என்ன விசாரித்தாலும் சரி, போலீசுக்குச் சொல்வதை அதற்காகத் தள்ளிப்போட முடியாது. 2012இல் வந்த அந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று தெரிந்த யாராக இருந்தாலும் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதம். பள்ளி சொல்லவில்லை என்றாலும் விஷயம் தெரிந்த நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் போன் செய்யலாம். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிப்பார்கள் என்ற பயம் வேண்டாம். வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை ஒரு பெண் எஸ்.ஐ., அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும் என்று 24ஆவது பிரிவே சொல்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள், பாவம் ஒன்றும் இல்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் போட்ட சட்டத்தில், குருக்களும் துறவியரும் இப்படிப்பட்டதைத் தெரிந்தும் மறைக்கக் கூடாது, திருச்சபை அதிகாரியிடம் புகார் தர வேண்டும், நாட்டுச் சட்டம் கேட்கும் கடமை அது பாட்டுக்கு இருக்கும் என்று தெளிவாக வைத்திருக்கிறார். பெண்கள் பள்ளி விஷயத்தில் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. 2007இல் மத்திய அரசு நடத்திய ஆய்வில், தங்களுக்கு இப்படி நடந்தது என்று சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். இது ஆண், பெண் பார்த்து நடப்பதில்லை, அவ்வளவுதான்.

கேமரா. 2014 ஜூலையில் நம் பெங்களூரில் ஒரு பள்ளியில் ஆறு வயதுக் குழந்தைக்கு நடந்த கொடுமையைக் கேட்டுப் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். அப்புறம்தான் பள்ளிகள் இப்படிக் கேமராவாக வாங்கி மாட்டின. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாத்ரூமுக்குள் கேமரா வைக்க முடியாது. அந்த வாசலில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஓயாத கவலை. உங்கள் கடிதம் வந்த சமயத்தில்தான் என் தங்கை பையன் படிக்கும் பள்ளியில் பழைய ஆயாக்களை எல்லாம் அனுப்பிவிட்டு ஏஜென்சி ஆட்களை வைத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் படித்த கான்வென்டில் சின்னப் பிள்ளைகளின் பாத்ரூம் வாசலில் ஓர் ஆயாம்மா முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கோலார் தங்கவயல்காரர். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் துடைப்பத்தை வாசலுக்குக் குறுக்கே நீட்டிவிடுவார். "பெல் அடிக்கட்டும், புள்ளைங்க கிளாசுக்குப் போகட்டும், அப்புறம் வாப்பா." ஒருநாள் பங்குச்சாமியார் விருந்தாளிகளுக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டியபடி அந்தப் பக்கம் வந்தார். துடைப்பம் இறங்கவில்லை. "தோத்திரம் சாமி, அந்தப் பக்கமா சுத்திப் போங்க சாமி." அவரும் சுற்றித்தான் போனார். மதர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எந்தப் பிள்ளை காலையில் இருந்து பாத்ரூமுக்கே வரவில்லை, எது போனால் திரும்பப் பயப்படுகிறது, யார் டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரிவதற்கு முன்னால் தெரியும்.

அந்த அம்மாவைப் போன்றவர்களை இன்றைக்கு ஏஜென்சி அனுப்புகிறது, ஏஜென்சியே மாற்றுகிறது. பிள்ளை முகம் மனசில் நிற்பதற்குள் வேறு கட்டடம். போக்சோ பயிற்சி என்று பள்ளியில் ஒருநாள் வைப்பார்கள். வந்தவர் இங்கிலீஷில் ஸ்லைடு காட்டுவார், டீச்சர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், ஆயாக்கள் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார்கள். 19ஆவது பிரிவு அவர்களுக்கும் சேர்த்துத்தானே? நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்று அதிலேயே எழுதியிருக்கிறதே? அதைத் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ யாராவது அவர்களை உட்கார வைத்துச் சொன்னார்களா? சொல்லியிருந்தாலும், வாயைத் திறந்தால் மறுநாள் சூப்பர்வைசர் "நாளையில இருந்து வராதே" என்பார் என்ற பயத்தில் இருப்பவர் எதற்குப் பேசுவார்? ஆண்டு விழா மேடைக்குச் செலவு பண்ண முடிகிற நிர்வாகத்துக்கு நாலு ஆயாக்களை நிரந்தரமாக வைத்துச் சம்பளம் தர முடியாதா? பெற்றோரும் கேட்பதில்லை. ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா என்று கேட்பார்கள், ஸ்விம்மிங் பூல் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் நீங்கள் எழுந்து ஆயாக்களைப் பற்றிய இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். குரூப்பில் கத்துகிற அத்தனை பேரும் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

டி.சி. வாங்குவதை நீங்களும் உங்கள் மனைவியும்தான் முடிவு செய்ய வேண்டும். பிள்ளை காலையில் எப்படிக் கிளம்புகிறாள் என்று உங்களுக்குத்தான் தெரியும். வேறு பள்ளி பார்ப்பதாக இருந்தால், ரிசல்ட்டைக் கேட்பதற்கு முன்னால் பள்ளி விடுகிற நேரத்துக்கு கேட்டில் போய் நில்லுங்கள். அங்கே இருக்கும் ஆயாவிடம் பேச்சுக்கொடுங்கள். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீங்கம்மா, சம்பளம் பள்ளி தருதா ஏஜென்சி தருதா என்று விசாரியுங்கள். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்றும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

அன்புடன்,
அக்கா